ஓடி நின்ற பிறகு வரும் நிமிடங்கள்

இந்த எபிசோடு ஒரு ஃபாரத்தில் இருந்து தொடங்குது.

போன வருஷம் அப்பாவை டி.எம்.டி எடுக்கக் கூட்டிட்டுப் போயிருந்தேன். டி.எம்.டி தெரியும்தானே? ட்ரெட்மில் டெஸ்ட். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ட்ரெட்மில்லில் ஏற்றி, வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போய், அந்தச் சுமையை இதயம் எப்படித் தாங்குகிறது என்று இ.சி.ஜி-யில் பார்ப்பார்கள். அப்பாவுக்கு 59 வயசு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது என்று அம்மா புலம்பிப் புலம்பித்தான் கிளம்பினார்.

உள்ளே போகும் முன் ஒரு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். அப்பா கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் வாங்கிப் படித்தேன். மிக அரிதாக இதயத் துடிப்பின் தாளம் தப்பலாம், மாரடைப்பு வரலாம், சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உயிர் போகும் ஆபத்தும் உண்டு என்று போட்டிருந்தது. வயிற்றைப் பிசைந்தது. அப்பா சிரித்தார். "லாரி ஏறிப் போறவன் இதைவிட அதிகம்டா."

ஏழு நிமிஷம் நடந்தார், கடைசியில் கிட்டத்தட்ட ஓட்டம். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை டெக்னீஷியன் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "சார், நெஞ்சு வலி, தலைசுத்தல் ஏதாவது?" அப்பா ஒவ்வொரு தடவையும், "ஒண்ணும் இல்லம்மா." அப்புறம் கால் வலிக்குது என்று நிறுத்தச் சொன்னார். மெஷின் வேகம் குறைந்தது. கட்டிலில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த உடனே அப்பா நெஞ்சில் இருந்த ஒயரைப் பிடுங்கப் போனார். டெஸ்ட் முடிஞ்சுதுன்னு நினைப்பு.

"சார், இன்னும் முடியல. அதை எடுக்காதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை. திரையில் அழகாக ஓடிக்கொண்டிருந்த அலைகளுக்கு நடுவே அகலமாக, முரட்டுத்தனமாக ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நாலு சேர்ந்தாப்பல. அதுவரை பேசிக்கொண்டே இருந்த அந்த அக்கா பேச்சை நிறுத்தினார். டாக்டர் வந்து அப்பாவின் மணிக்கட்டில் விரல் வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூலையில் சக்கரம் வைத்த ஒரு மேஜை மேல் ஷாக் கொடுக்கும் மெஷின் இருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அலைகள் பழையபடி ஆயின. அப்பாவுக்கு எதுவுமே தெரியாது, தண்ணி கேட்டார்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. ஒன்று, அந்த 10,000-ல் ஒன்று என்ற கணக்கை யார் போட்டது? இன்னொன்று, ஓடும்போது சமர்த்தாக இருந்த இதயம், உட்கார்ந்த பிறகு ஏன் தாளம் தப்பணும்? தேடிப் போனதில் கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை கிடைத்தது. அதைத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன்.

படிக்கட்டில் தொடங்கிய சோதனை

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், இதயத்தின் மின் ஓட்டத்தைத் துல்லியமாகப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பதிவில் ஒரு சிக்கல் இருந்தது. சும்மா படுத்திருக்கும் ஆளின் இ.சி.ஜி பல நேரம் சுத்தமாக இருக்கும். நெஞ்சு வலி வருவதோ அவர் நடக்கும்போதும் மாடி ஏறும்போதும்தான்.

அப்படியென்றால் வலியை வரவைத்துப் பார்க்கணும். 1928-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபீல், சீகல் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் படுக்கையிலேயே எழுந்து எழுந்து உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஜிம்மில் நாம் எடுக்கும் சிட்-அப் மாதிரிதான். வலி வந்தபோது இ.சி.ஜி-யும் மாறியது. 1929-ல் நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டரும் எனிட் ஒப்பன்ஹைமரும் இரண்டே படிகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படி ஒவ்வொன்றும் 9 அங்குலம். ஏறி, இறங்கி, திரும்பி, மறுபடி ஏறணும். ஆரம்பத்தில் அதில் பார்த்தது நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மட்டும்தான், இ.சி.ஜி பின்னாடிதான் சேர்ந்தது. ஆமா, பேரு மாஸ்டர். நம்ம ஊர் 'மாஸ்டர் செக்கப்'புக்கும் இவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லை.

ஆனால் எல்லோரும் துணிந்துவிடவில்லை. 1931-ல் ஃபிலடெல்ஃபியாவில் வுட், வுல்ஃபெர்த் என்ற இருவரும் இதையே செய்து பார்த்தார்கள், அதே மாற்றங்களைக் கண்டார்கள். பிறகு, இது நோயைக் கண்டுபிடிக்கும் வழக்கமான சோதனையாக இருப்பதற்கு ரொம்ப ஆபத்தானது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கு. இதயத்தின் கீழறைகள் தாளத்தை முழுசாக இழந்து, சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும் நிலைக்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அப்போது ரத்தம் ஓடாது. சில நொடிகளில் நினைவு போகும், சில நிமிடங்களில் உயிர் போகும். 1931-ல் ஒருவருக்கு சோதனை நடக்கும்போது அது வந்தால் டாக்டர் என்ன செய்வார்? பக்கத்தில் நின்று பார்ப்பார். அவ்வளவுதான். கையில் எதுவுமே கிடையாது.

மீட்கும் கை வந்தது

அடுத்த முப்பது வருஷத்தில் அந்தக் கை மெல்ல மெல்ல வந்தது. 1947-ல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், அறுவையின்போது இதயம் நின்றுபோன 14 வயது பையனின் இதயத்தில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சிப் பிழைக்க வைத்தார். ஆனால் அதற்கு நெஞ்சு திறந்திருக்கணும். 1956-ல் பாஸ்டனில் பால் ஸோல், நெஞ்சைத் திறக்காமல் வெளியில் இருந்தே ஷாக் கொடுக்கலாம் என்று காட்டினார். 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்னிக்கு சி.பி.ஆர் என்று நாம் கத்துக்கிறது அதுதான். 1962-ல் பெர்னார்ட் லௌன், நேர் மின்னோட்டத்தில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரைக் கொண்டுவந்தார். அது முன்னதைவிடப் பாதுகாப்பானது.

1963-ல் சியாட்டிலில் ராபர்ட் ப்ரூஸ், தன்னுடைய பல கட்ட ட்ரெட்மில் சோதனையை வெளியிட்டார். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். மூன்றாவது கட்டத்தில் 5.5 கிலோமீட்டர் வேகம், 14 சதவீத ஏற்றம். என் அப்பா கால் வலிக்குது என்று சொன்னது அந்த மூன்றாவது கட்டத்தில்தான். அறுபது வருஷம் தாண்டியும் உங்க ஏரியா ஸ்கேன் சென்டரில் ஓடுவது பெரும்பாலும் ப்ரூஸ் போட்ட அதே அட்டவணை. பழைய கார் வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவாரா என்பது அவர் சொல்லும் உதாரணம் என்பார்கள்.

இந்த வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்க: 1956, 1960, 1962, 1963. நோயாளியை அவருடைய எல்லை வரை கொண்டுபோகும் சோதனை பரவியது, எல்லை தாண்டினால் திரும்பக் கொண்டுவரும் வழி கிடைத்த அதே காலத்தில். ஒன்று வந்ததால்தான் மற்றது வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1931-ல் பயமாக இருந்தது 1963-ல் ஏன் செய்யக்கூடியதாக ஆனது என்பதற்கு, மூலையில் நின்ற அந்த சக்கர மேஜை பெரிய பதில் என்று எனக்குத் தோணுது.

எண்ணிப் பார்த்தவர்கள்

சரி, 10,000-ல் ஒன்று. அது 1971-ல் வந்த கணக்கு. பால் ராக்மிஸ், ஹென்றி பிளாக்பர்ன் என்ற இருவர் சோதனை நடத்தும் மையங்களிடம் கேட்டார்கள்: எத்தனை பேருக்கு எடுத்தீங்க, எப்படி எடுத்தீங்க, யாருக்கு என்ன ஆச்சு, யாராவது கேஸ் போட்டாங்களா? ஆமா, வழக்குகளைப் பற்றியும் கேட்டார்கள். 73 மையங்கள், சுமார் 1,70,000 சோதனைகள். அதில் 16 மரணங்கள். வகுத்தால் சுமார் 10,000-ல் ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். ஒரு ஆஸ்பத்திரி, தன் அறையில் செத்துப்போன ஒருவரைப் பற்றி வெளியாருக்கு எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. மறைத்திருக்கலாம். சோதனையால் இல்லை, அவர் விதி என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சிலர் மறைத்திருக்கவும் கூடும், இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் அந்த ஓட்டை எப்பவும் இருக்கும். ஆனால் இத்தனை மையங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் அந்த ஃபாரத்தில் 'அரிதாக' என்ற மழுப்பலோடு நிற்காமல் ஒரு எண்ணும் இருக்கு.

1980-ல் இன்னும் பெரிய கணக்கெடுப்பு வந்தது. ஸ்டூவர்ட், எல்லஸ்டாட் இருவரும் அமெரிக்காவில் 1,375 மையங்களில் 5,18,448 சோதனைகளைத் தொகுத்தார்கள். 10,000 சோதனைக்கு மரணம் 0.5, அதாவது 20,000-க்கு ஒன்று. மாரடைப்பு 3.58. ஆபத்தான தாளக் கோளாறு 4.78. ட்ரெட்மில் என்றால் எல்லோரும் பயப்படுவது மாரடைப்புக்கு. ஆனால் அதைவிட அதிகமாக வந்தது தாளம் தப்புவதுதான். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாளம் தப்பியதை உடனே பார்த்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே சரிசெய்ய முடியும். யாராவது பார்த்துக்கொண்டு இருக்கணும், அதுதான் விஷயம்.

இதற்குக் கடுமையான பரீட்சை வைத்தது பாஸ்டனில் லௌனின் குழு. டிஃபிப்ரிலேட்டர் கொண்டுவந்த அதே லௌன்தான். அணு ஆயுதங்களுக்கு எதிராக அவர் சேர்ந்து தொடங்கிய மருத்துவர் அமைப்புக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது என்பது தனிக் கதை. தாளக் கோளாறு வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகம் உள்ள 263 பேருக்கு, மொத்தம் 1,377 சோதனைகளை அவர்கள் நடத்தி, 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். 24 பேருக்கு உடனடி சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் சிக்கல் வந்தது. சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டால் மிக மிக அதிகம். மரணம்? ஒன்றுகூட இல்லை.

நின்ற பிறகு ஏன்?

இப்போ என் இரண்டாவது கேள்வி.

ஓடும்போது கால் தசைகளுக்கு நிறைய ரத்தம் தேவை. அதனால் அங்கிருக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தசை இறுகி, ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளும். கால் ஒரு வகையில் இரண்டாவது பம்பு. திடீரென்று நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது, விரிந்த குழாய்கள் மட்டும் உடனே சுருங்குவதில்லை. ரத்தம் காலிலேயே தங்கும், அழுத்தம் இறங்கும், இதயத் தசைக்குப் போகும் ரத்தமும் குறையும். இன்னொரு பக்கம், ஓட்டத்தின்போது ரத்தத்தில் ஏறியிருந்த பொட்டாசியம் மளமளவென்று இறங்கும்.

அட்ரினலின்? அதுவாவது நின்றவுடன் குறையும் என்றுதானே நினைப்போம். 1984-ல் டிம்ஸ்டேலும் உடன் ஆய்வாளர்களும் 10 ஆரோக்கியமான ஆண்களை ஓடவிட்டு, நிறுத்திய பிறகும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டம் நின்ற பிறகும் அந்த ரசாயனங்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. நோர்அட்ரினலின் சாதாரண அளவைப்போல பத்து மடங்கு வரை போனது. அந்தக் கட்டுரையின் தலைப்பே உடற்பயிற்சிக்குப் பிந்தைய அபாயம் என்ற அர்த்தத்தில்தான் இருந்தது.

எரிபொருள் குறையுது, ஆனால் ஆக்சிலரேட்டரில் கால் இன்னும் அழுத்திக்கிட்டே இருக்கு. ஏற்கெனவே ஒரு குழாய் அடைத்திருக்கும் இதயத்துக்கு இது மோசமான நிமிஷம். 1977-லேயே ப்ரூஸும் இர்விங்கும் இதைத் தொட்டிருந்தார்கள். ஓடும்போது ரத்த அழுத்தம் ஏறாமல் இறங்கினால், நின்ற பிறகு ஃபிப்ரிலேஷன் வரும் ஆபத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். இன்னிக்கு அழுத்தம் இறங்கினால் சோதனையை நிறுத்தச் சொல்வது, நின்ற பிறகும் சில நிமிஷம் ஒயரைக் கழற்றாதது, உங்க ஜிம்மில் ட்ரெட்மில் 'கூல் டௌன்' என்று கெஞ்சுவது, எல்லாம் ஏதோ ஒருவருக்கு ஆனதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் பின்னால் வந்தது. பயந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடங்களே தகவலாக மாறின. 1999-ல் கிளீவ்லாந்தில் இருந்து வந்த ஆய்வில், நிறுத்திய முதல் நிமிஷத்தில் துடிப்பு 12-க்கு மேல் குறையாதவர்களுக்குப் பின்னாளில் இறக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. 2003-ல் அங்கிருந்தே 29,244 பேரின் பதிவுகளை வைத்து இன்னொன்று. ஓடும்போது வரும் கூடுதல் துடிப்புகளைவிட, நின்ற பிறகு அடிக்கடி வரும் கூடுதல் துடிப்புகள்தான் ஆபத்தைத் தெளிவாகக் காட்டின. என் அப்பா பிடுங்கப் போன ஒயர் சொல்லிக்கொண்டிருந்த செய்தி அதுதான்.

சிலருக்கு அந்தத் தப்பலே பதில்

நம்ம வயசு ஆட்களுக்கும் இதில் ஒரு பகுதி இருக்கு. ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்தில் திடீரென்று மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு. 1978-ல் பாரிஸில் குமெல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் அப்படி நாலு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இதயத்தின் அமைப்பில் கோளாறு இல்லை. சும்மா இருக்கும்போது இ.சி.ஜி-யும் சரியாக இருக்கும். ஓட வைத்தாலோ பயமுறுத்தினாலோ தாளம் தாறுமாறாகும். இன்று அதற்கு சி.பி.வி.டி என்று பெயர், 2001-ல் அதற்கான ஒரு மரபணுவும் தெரியவந்தது. வலிப்பு என்று தவறாக நினைத்து வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ட்ரெட்மில்லில் தாளம் தப்புவது விபத்து இல்லை, அதைப் பிடிக்கத்தான் சோதனையே. பிடித்துவிட்டால் மருந்து இருக்கு.

அதனால் ஓடும்போதோ நீந்தும்போதோ யாராவது மயங்கி விழுந்தால், வெயில், சாப்பிடலை என்று விட்டுடாதீங்க. இதய டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்க.

அப்பா சொன்னது

அப்பாவுக்கு அடுத்த வாரமே ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ஒரு குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாச்சு. இப்போ சாயங்காலம் நடக்கப் போகிறார், கூட ஒரு நண்பர், வழியில் ஒரு டீக்கடை.

டிஸ்சார்ஜ் ஆன ராத்திரி, கேட்காமலே சொன்னார். "அன்னிக்கு அஞ்சாவது நிமிஷமே நெஞ்சு இறுக்கிப் பிடிச்சுதுடா. நீ பக்கத்துல நின்னுட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?"

நான் கொஞ்ச நேரம் பேசலை. எங்கேயோ 73 மையங்கள் தங்களுக்கு ஆன கெட்டதை எழுதிக் கொடுத்ததால் பாதுகாப்பான ஒரு சோதனையில், அந்தச் சோதனை அவரிடம் கேட்டது ஒரே ஒரு உண்மையைத்தான். வலிக்குதா? அதை எனக்காக மறைத்திருக்கிறார். தைரியசாலி அப்பாவாகத் தெரியணும் என்று.

ஒயர் உண்மையைச் சொல்லிவிட்டது. எல்லா நேரமும் சொல்லும் என்று நம்பி இருக்க முடியாது.

உங்க வீட்டில் யாரையாவது டி.எம்.டி-க்குக் கூட்டிட்டுப் போனா இரண்டு விஷயம் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. வலித்தால் வலிக்குதுன்னு சொல்லுங்க, அதுக்குத்தான் அந்த டெஸ்ட். முடிஞ்ச பிறகும் அவங்க சொல்ற வரைக்கும் உட்காருங்க. முடிந்தால் அவங்க பார்க்கும்போது நீங்க அந்த அறைக்கு வெளியே நில்லுங்க. நான் வெளியே நின்றிருந்தால் அப்பா சொல்லியிருப்பாரோ என்று இப்பவும் யோசிக்கிறேன்.

இது வரலாற்று எபிசோடு, மருத்துவ ஆலோசனை இல்லை. உங்க உடம்பைப் பற்றி உங்க டாக்டரிடம் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்குள்ள அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு போன் போட்டு, "எப்படி இருக்கீங்க?"ன்னு கேளுங்க. "நல்லா இருக்கேன்"னு சொன்னா, இன்னொரு தடவையும் கேளுங்க.